பூட்டிக் கிடக்கும் வாடகை வீட்டில் கோடைச் சேதம்: அறிகுறியைக் கொண்டு பழுது நீக்கும் வழிமுறை

தமிழ்நாட்டில் வாடகை வீடுகள் அதிகமாகக் கை மாறுவது பள்ளி ஆண்டு முடியும் ஏப்ரல், மே மாதங்களில்தான். பழைய வாடகைதாரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன நாளுக்கும் புதியவர் பால் காய்ச்சும் நாளுக்கும் நடுவே வீடு பூட்டிக் கிடக்கும் காலம், ஆண்டிலேயே கடுமையான வெயிலில் வந்து விழுகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. வேலூர், கரூர், திருச்சி பக்கம் அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தாண்டுவது யாருக்கும் செய்தியே இல்லை. இவை நிழலில் அளந்த காற்றின் வெப்பம். மறைப்பில்லாத மொட்டை மாடியின் மேற்பரப்பு பிற்பகலில் 60 டிகிரியை ஒட்டிப் போகும். அதற்கு நேர் கீழே, சன்னல் எல்லாம் சாத்திய அறை இரவு முழுவதும் அந்தச் சூட்டை விடாது.

குடியிருக்கும் வீட்டை இதே வெயில் பெரிதாகக் கெடுப்பதில்லை. அங்கே தினமும் குழாய் திறக்கப்படுகிறது, கழிவுநீர்த் துளைகளில் தண்ணீர் விழுகிறது, சன்னல்கள் மாலையில் திறக்கப்படுகின்றன, ஏதாவது ஒழுகினால் அன்றைக்கே யாராவது பார்த்துவிடுகிறார்கள். பூட்டிய வீட்டில் இவை அனைத்தும் ஒரே நாளில் நின்றுபோவதால், சேதம் இரண்டு வழிகளில் வருகிறது. ஈரமாகவே இருக்க வேண்டியவை உலர்ந்துபோகின்றன. சூட்டில் நீண்டு குளிரில் சுருங்குபவை நாள்தோறும் அசைந்து தம்மையோ பக்கத்தில் இருப்பதையோ உடைக்கின்றன. முதல் வகையைப் பார்த்த அன்றே சரிசெய்துவிடலாம். இரண்டாம் வகையில், அசைவைக் கவனிக்காமல் கை வைத்தால் செலவுதான் மிஞ்சும். வீட்டுச் சொந்தக்காரர்கள் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர்மாறு: விரிசலைக் கண்டதும் கொத்தனாரை அழைத்து விடுகிறார்கள், உலர்ந்த குழாயை வாடகைதாரர் வந்து சொல்லும்வரை விட்டு விடுகிறார்கள்.

எனவே சோதனைக்கு ஒரு முறை பிற்பகல் மூன்று மணி அளவிலும், மறுநாள் விடியற்காலையிலும் செல்வது நல்லது. டார்ச், பென்சில், ஒரு வாளி, ஒரு நாணயம் ஆகியவை கையில் இருந்தால் கீழே சொல்லப்படும் பெரும்பாலான சோதனைகளுக்குப் போதும்.

கதவைத் திறந்ததும் நாற்றம் அடிக்கிறது

நாற்றம் எதனுடையது என்று தெரியும்வரை எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. முந்தைய வாடகைதாரர் எரிவாயு சிலிண்டரை விட்டுப் போயிருந்தால், வெயிலில் இறுகிய ரப்பர் குழாய் வழியாகக் கசிந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கி நிற்கும். அந்த வாடை வந்தால் சன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். காலி வீட்டில் சிலிண்டர் இருக்கவே கூடாது என்பதே என் கருத்து.

எரிவாயு இல்லை என்று உறுதியான பிறகு, அழுகிய முட்டை நாற்றமோ சாக்கடை நாற்றமோ குளியலறைப் பக்கம் கூடுகிறதா என்று பாருங்கள். பிளம்பர்கள் நானி ட்ராப் என்று சொல்லும் தரைப்பொறியில் சுமார் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். கழிவுநீர்க் குழாயின் வாயுவையும் கரப்பான் பூச்சியையும் வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டுமே. கோடையில் பூட்டிய வீட்டில் சில வாரங்களிலேயே அது ஆவியாகிவிடும். ஜாலியைக் கழற்றி டார்ச் அடித்தால், உள்ளே தண்ணீர் இருந்தால் வெளிச்சம் மினுங்கித் திரும்பும். வறண்டிருந்தால் சாம்பல் நிறத்தில் காய்ந்த சோப்புப் படலம் வெடித்துக் கிடப்பது தெரியும்.

ஒவ்வொரு துளையிலும் அரை வாளித் தண்ணீர் ஊற்றி, சன்னல்களைத் திறந்து ஒரு மணி நேரம் காத்திருந்தால் நாற்றம் அடங்கிவிடும். பெரும்பாலோர் குளியலறையோடு நிறுத்திவிடுவார்கள். சமையலறைத் தொட்டி, கை கழுவும் பேசின், பால்கனியில் வாஷிங் மெஷினுக்காக விட்ட துளை, யாரும் பயன்படுத்தாத இரண்டாவது படுக்கையறையின் மேற்கத்தியக் கழிப்பறை ஆகியவையும் அதே வேகத்தில்தான் வறள்கின்றன. தண்ணீர் ஊற்றிய மறுநாளும் நாற்றம் திரும்பினால் பொறியே விரிசல் விட்டிருக்கலாம், அல்லது அதன் சுத்தம் செய்யும் மூடி கழன்றிருக்கலாம். அது பிளம்பருக்கான வேலை. பினாயில் ஊற்றுவதும் நாப்தலீன் உருண்டை போடுவதும் நாற்றத்தை மறைக்குமே தவிர, வாயுவைத் தடுக்காது.

மறுபடியும் பூட்டிச் செல்வதாக இருந்தால், நிரப்பிய தண்ணீரின் மேல் இரண்டு மூன்று தேக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டால், அது படலமாக மிதந்து ஆவியாவதைக் கணிசமாகக் குறைக்கும். துளையின் மேல் தடித்த பாலித்தீன் தாளை விரித்து, ஒரு கனத்தை வைத்துவிடுவது இன்னும் நல்லது. கழிப்பறைக் கோப்பையின் மூடியைச் சாத்தி, விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டலாம்.

அழுகிய முட்டை நாற்றம் குளியலறையில் இல்லாமல் இன்வர்ட்டர் இருக்கும் மூலையில் வந்தால் காரணம் வேறு. அதிகமாக சார்ஜ் ஏறிச் சூடான ஈய-அமில பேட்டரியும் அதே வாயுவைத்தான் வெளியிடும். பேட்டரியின் பக்கச் சுவர் தொட்டால் சுடுகிறதா, உப்பியிருக்கிறதா என்று பார்த்து, அப்படி இருந்தால் சார்ஜை நிறுத்தி, அறையைக் காற்றோட்டமாக்கி, நெருப்பு எதையும் அருகில் கொண்டுசெல்லாமல் எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

தண்ணீரைத் திறந்ததும் குழாய்கள் ஒழுகுகின்றன

பல மாதம் மூடிக் கிடந்த இணைப்பை ஒரே திருகில் முழுதாகத் திறப்பதே பாதி ஒழுகலுக்குக் காரணம். காலியான குழாயில் அடைபட்டிருக்கும் காற்றைத் தண்ணீர் வேகமாகத் தள்ளும்போது, காய்ந்து சுருங்கிய வாஷர்கள் அந்த அடியைத் தாங்குவதில்லை. முதலில் வீட்டுக்குள் இருக்கும் குழாய்களைத் திறந்து வைத்துவிட்டு, மாடித் தொட்டியின் கேட் வால்வைக் கால் பங்கு மட்டும் திறக்க வேண்டும். சீறலும் துப்பலும் நின்று சீராகத் தண்ணீர் வந்த பிறகு முழுதாகத் திறக்கலாம். வால்வு உப்புப் படிந்து இறுகியிருந்தால் குறடு போட்டு முறுக்காதீர்கள், தண்டு முறிந்துவிடும். வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிச் சில மணி நேரம் விட்டால் பெரும்பாலும் இளகும்.

குழாயின் திருகும் தண்டைச் சுற்றிக் கசிந்தால் உடனே மாற்ற வேண்டியதில்லை. ஒரு நாள் தண்ணீரில் ஊறிய பிறகு பல வாஷர்கள் மறுபடி உப்பிப் பொருந்திவிடும். பொருந்தாதவற்றை மட்டும் மாற்றினால் போதும். கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகுவதைக் கண்டுபிடிக்க, தொட்டியில் சொட்டு நீலத்தைச் சில துளிகள் விட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கோப்பையைப் பாருங்கள். நீலம் இறங்கியிருந்தால் அடியில் உள்ள ரப்பர் மூடி இறுகிப்போய்விட்டது என்று பொருள்; அதை மாற்றுவது எளிது, ஆனால் மாற்றாவிட்டால் மாடித் தொட்டியே ஒரே இரவில் காலியாகலாம்.

மொட்டை மாடியில் வெயில் படும் பி.வி.சி. குழாயின் கதை தனி. மூன்று மீட்டர் நீளக் குழாய் 30 டிகிரி சூடேறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீள்கிறது. குடியிருக்கும்போது உள்ளே ஓடும் தண்ணீர் அதைக் குளிர்விக்கும்; காலிக் குழாய்க்கு அந்த உதவி இல்லை. இரண்டு முனைகளும் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தால் அந்த நீட்சி முழங்கை இணைப்பைத்தான் போய்த் தள்ளும். பிற்பகலில் மட்டும் கசிந்து காலையில் நின்றுவிடும், அல்லது காலையில் கசிந்து பிற்பகலில் நின்றுவிடும் இணைப்பைப் பார்த்தால் இதுதான் நோய். எம்-சீல் வைத்து அப்புவதால் பயனில்லை. முழங்கையை வெட்டி மாற்றி, கிளாம்புகளைக் குழாய் நகர இடம் விட்டுப் பொருத்த வேண்டும். குழாயை விரலால் தேய்த்துப் பாருங்கள்: வெள்ளைப் பொடி ஒட்டினால் வெயிலில் அதன் மேல்தோல் செத்துவிட்டது, சிறு தட்டலிலேயே உடையும், முழு நீளத்தையும் மாற்றுவதே மேல். மாற்றிய குழாய்க்கு வெள்ளைப் பூச்சு ஒன்று அடித்தால் நீண்ட நாள் வரும்.

தரைக்கடியில் உள்ள சம்ப்பை வறள விடக் கூடாது. காய்ந்த உட்பூச்சு சுருங்கி வெடித்தால், மறுபடி நிரப்பும்போது தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும். நிரப்பிய சம்ப்பில் நீர்மட்டத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, வரத்தையும் மோட்டாரையும் நிறுத்தி, ஒரு நாள் கழித்துப் பார்த்தால் ஒழுகல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தண்ணீரைத் தேக்கி வைப்பதில் கொசுத் தொல்லை உண்டு. தொட்டி மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், வழிந்தோடும் குழாயின் வாயில் வலை கட்ட வேண்டும். புதியவர் குடிவருமுன் தேங்கிய தண்ணீரை முழுவதும் வெளியேற்றிக் கழுவுவது கட்டாயம்.

மேல்தளத்தில், கூரைக்குச் சற்றுக் கீழே சுவரில் நீளவாக்கில் விரிசல்

அதிகம் பயமுறுத்துவதும், அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். பத்து மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீள்கிறது. அதன் அடியில் நிற்கும் செங்கல் சுவர் அவ்வளவு சூடாவதும் இல்லை, ஒரே சூட்டில் கான்கிரீட் நீளும் அளவுக்கு நீள்வதும் இல்லை. தளம் நகர, சுவர் நகர மறுக்க, இரண்டும் சேரும் கோட்டிலோ அதற்கு ஓரிரு செங்கல் வரிசை கீழேயோ பூச்சு பிளக்கிறது. தூண்களும் உத்தரங்களும் உள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில் இதே பிளவு உத்தரத்துக்கும் அதனடியில் நிரப்பிய செங்கலுக்கும் நடுவே வரும். மூலைகளில் பெரிதாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருப்பதும், கடைசித் தளத்தில் மட்டும் இருப்பதும் இதன் அடையாளங்கள்.

உறுதிசெய்ய, விரிசலின் இரண்டு முனைகளையும் பென்சிலால் குறித்து, பக்கத்திலேயே தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். பிறகு ஒரு விசிட்டிங் கார்டைப் பிளவில் செருகிப் பாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கார்டு தளர்வாக நுழைந்த இடத்தில் விடியற்காலையில் நுழையவே மறுத்தாலோ, அல்லது இதற்கு நேர்மாறாக நடந்தாலோ, அந்த விரிசல் வெயிலோடு வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. அதாவது கட்டடத்தின் பலத்துக்கு உடனடி ஆபத்து இல்லை. எந்த நேரத்தில் பார்த்தாலும் அகலம் மாறாமல், மாதத்துக்கு மாதம் மட்டும் கூடிக்கொண்டே போனால் வெப்பத்தைக் குற்றம் சொல்லக் கூடாது. சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போலச் சாய்வாக இறங்கும் விரிசல், அதுவும் தரைத்தளத்தில், அதே சுவரின் கதவும் சாத்த மறுக்கும் நிலையில் இருந்தால், அடித்தளத்தை சந்தேகிக்க வேண்டும்; கோடையில் களிமண் நிலம் காய்ந்து சுருங்குவது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கூரையின் அடிப்பக்கம் நேர்கோட்டில் வெடித்து, பழுப்புக் கறையோடு பூச்சு கழன்று விழுந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் கட்டடப் பொறியாளர் வர வேண்டும். பெயின்டரோ கொத்தனாரோ அல்ல.

வெப்ப விரிசல்தான் என்று தெரிந்த பிறகு செய்யக் கூடாத ஒன்று, அதில் சிமென்ட் கலவையை அடைப்பது. இறுகிய சிமென்டுக்கு நீளத் தெரியாது. அடுத்த கோடையில் அதே இடத்திலோ அரை அடி தள்ளியோ மறுபடி பிளக்கும். முதலில் கூரையின் சூட்டைக் குறைக்க வேண்டும், விரிசலை அடைப்பது அதற்குப் பிறகுதான். பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்த தளம் இருக்கும்; அது நல்ல ஏற்பாடு, ஓடுகளின் இடுக்குகள் விட்டுப்போயிருந்தால் அவற்றை மட்டும் அடைத்தால் போதும். வெறும் சிமென்ட் தளமாக இருந்தால் வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சோ, வெள்ளை ஓடோ, கையில் பணம் குறைவென்றால் கெட்டியான சுண்ணாம்பு இரண்டு பூச்சோ அடிக்கலாம். தளத்தை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, மார்ச் மாதத்துக்குள் அடித்துவிட்டால், அந்தக் கோடையிலேயே கீழ் அறையில் வித்தியாசம் தெரியும். சுண்ணாம்பு மழையில் கரையும், ஆண்டுக்கு ஒரு முறை அடிக்க வேண்டிவரும், ஆனாலும் அந்தச் செலவுக்கு அவ்வளவு பலன் தருவது வேறொன்றும் இல்லை என்றே சொல்லலாம். மாடியில் கீற்றுக் கொட்டகை போடுவதும் நல்ல நிழல் தரும். ஆளில்லாத வீட்டின் தலையில் காய்ந்த கீற்றை அடுக்கி வைப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிறகு விரிசலை ஒரு விரல் அகலத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டி, தூசியை ஊதித் துடைத்து, வளைந்து கொடுக்கும் அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் சீலண்டை நிரப்பி, மேலே கண்ணாடியிழை வலைநாடா ஒட்டி, பட்டி பார்த்து வண்ணம் அடிக்கலாம். இதை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் முடித்தாக வேண்டும். கோடையில் பிளந்த கோடு மழையில்தான் ஒழுகத் தொடங்கும், அப்போது ஈரச் சுவரில் எந்தப் பசையும் ஒட்டாது.

தரை டைல்ஸ் கூடாரம் போல எழும்பி நிற்கிறது

கூடத்தின் நடுவில் இரண்டு டைல்ஸ் ஒன்றையொன்று தள்ளி முக்கோணமாக எழும்பி நிற்கும். கீழ் வீட்டுக்காரர்கள் பட்டாசு வெடித்தது போலச் சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள். இடுக்கே தெரியக் கூடாது என்று விட்ரிஃபைடு டைல்ஸை ஒட்ட ஒட்டப் பதித்து, சுவரோரத்திலும் இடைவெளி விடாமல் கலவையால் அடைத்துவிட்டதுதான் அடிப்படைக் காரணம். அடியில் உள்ள கலவையோடு பிடிப்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தால், பூட்டிய வீட்டின் பகல் சூடு மிச்சத்தைச் செய்துவிடுகிறது.

எழும்பியதைக் காலால் மிதித்து உட்கார வைக்க முயல வேண்டாம். அழுத்தம் பக்கத்து வரிசைக்குப் போகும். எழும்பிய வரிசையை முழுவதும் எடுத்துவிட்டால் மற்றவை மூச்சு விடும். பிறகு நாணயத்தாலோ ஸ்க்ரூடிரைவரின் பிடியாலோ மீதித் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று ஒலிப்பவற்றைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்தால் பழுதின் எல்லை கண்முன் தெரியும். பொள்ளல் அந்த ஒரு பகுதியோடு நின்றால், பழைய கலவையைச் செதுக்கி, டைல் பசை கொண்டு, குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பதிக்கலாம். கூடம் முழுவதும் ஒலித்தால் புதிய வாடகைதாரர் வருமுன் மொத்தமாக மாற்றிவிடுவதே சிக்கனம். சாமான் இறக்கிய பிறகு அந்த வேலையைச் செய்வது இரு தரப்புக்கும் தண்டனை. எப்படிச் செய்தாலும் சுவரோரம் சிறு இடைவெளி விடச் சொல்லுங்கள். சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும்.

கதவு, அலமாரி, கண்ணாடி

மே மாதத்தில் மரக்கதவுக்கும் நிலைக்கும் நடுவே இடைவெளி விழுந்திருப்பதைப் பார்த்துப் புதுப் பட்டை அடிக்காதீர்கள். அதேபோல, நவம்பர் மழையில் கதவு இறுகியது என்று தச்சரைக் கூப்பிட்டு இழைக்காதீர்கள். வறண்ட வெயிலில் சுருங்குவதும் ஈரத்தில் உப்புவதும் மரத்தின் இயல்பு. ஒரு பருவத்தில் செய்த திருத்தம் மறு பருவத்தில் குறையாகத் தெரியும். கீல் ஆணிகள் தளர்ந்தனவா என்று பார்த்து முடுக்கினால் போதும். கதவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் வண்ணமில்லாமல் பச்சை மரமாக விடப்பட்டிருந்தால், ஈரம் ஏறி இறங்கும் வாசல் அதுதான்; அங்கே இரண்டு கை பூசுங்கள். மேற்கு வெயில் நேரே படும் பி.வி.சி. குளியலறைக் கதவு வளைந்திருந்தால் அதை நிமிர்த்த முடியாது.

மேற்குச் சுவரை ஒட்டிய சமையலறை அலமாரிகளில் மைக்கா ஓரம் தூக்கியிருந்தால், தகடு இன்னும் உடையாத நிலையில், பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுப் பசை தடவிக் கனத்தை வைத்து ஓர் இரவு விடலாம். அடியில் உள்ள பலகை பொடிப்பொடியாக உதிர்ந்தால் வெயிலோடு ஈரமும் சேர்ந்திருக்கிறது. முதலில் சமையலறைத் தொட்டிக்கு அடியில் உள்ள குழாயைப் பார்க்க வேண்டும்.

யாரும் கல்லெறியாமல் சன்னல் கண்ணாடி விரிசல் விட்டிருந்தால், கோடு தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். வெப்ப விரிசல் சட்டத்தின் ஓரத்திலிருந்து செங்குத்தாகக் கிளம்பி, உள்ளே வந்த பிறகுதான் வளைந்து அலையும். அடிபட்ட கண்ணாடியில் ஒரு புள்ளியிலிருந்து பல கோடுகள் பிரியும். கண்ணாடியின் நடுப்பகுதி வெயிலில் சூடேற, சட்டத்துக்குள் மறைந்த விளிம்பு குளிர்ந்தே இருப்பதால் வரும் இழுவை இது. கருப்பு ஃபிலிம் ஒட்டியிருப்பதும், கண்ணாடியோடு ஒட்டினாற்போல அலமாரியையோ அட்டைப்பெட்டியையோ சாய்த்து வைத்திருப்பதும் அந்த இழுவையைக் கூட்டும். காரணத்தை அகற்றாமல் கண்ணாடியை மட்டும் மாற்றினால் அடுத்த கண்ணாடியும் போகும்.

சுவர் வண்ணத்தில் கொப்புளம் இருந்தால் ஊசியால் குத்துங்கள். உள்ளே உலர்ந்திருந்தால் வெப்பம், சுரண்டிவிட்டுப் பூசலாம். ஈரமோ வெள்ளை உப்போ வந்தால் குழாய்க் கசிவைத் தேட வேண்டும்.

இன்வர்ட்டர் சார்ஜ் ஏற்கவில்லை, குளிர்சாதனப் பெட்டி நாறுகிறது, ஏ.சி. போட்டதும் எம்.சி.பி. விழுகிறது

பேட்டரியைப் பூட்டிய வீட்டில் எப்படி விட்டுவந்தாலும் கோடை அதைச் சும்மா விடாது. சார்ஜில் விட்டால் தண்ணீர் வற்றும். கழற்றிவிட்டால் தானாகவே சார்ஜ் இறங்கும், வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த இறக்கம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். முழுதாக சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், 12.4-க்குக் கீழே இறங்கவிடாமல் மாதம் ஒரு முறை ஏற்றிவந்தால் அது பிழைத்துக்கொள்ளும். மிதவைக் குறி சிவப்புக்கு இறங்கித் தகடுகள் வெளியே தெரிந்தால், தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு, சார்ஜ் ஏற்றிய பிறகே குறிவரை நிரப்ப வேண்டும். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வழிந்து தரையையும் முனைகளையும் அரிக்கும். குழாய்த் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவைச் சாத்திச் சென்றிருந்தால் உள்ளே கரும்பூஞ்சை பிடித்திருக்கும். சமையல் சோடா கலந்த வெந்நீரால் துடைத்து, ரப்பர் விளிம்பின் மடிப்புகளையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு, ஒரு நாள் திறந்தே வையுங்கள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுத்தால் அது தடையில்லாமல் வந்துவிடும் இடத்தில் ரப்பர் இறுகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அடுத்த முறை கதவில் மடித்த துணியைச் செருகி, நான்கு விரல் இடைவெளி விட்டுச் செல்லுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கும் இதே விதி.

ஏ.சி.யைப் போடுமுன் வெளிப்பெட்டியில் புறாக்கூடு இருக்கிறதா, எலி கடித்த கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதன் பிறகும் எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தால், நாள் முழுவதும் வெந்த அறையில் ஏ.சி.யை ஓட்டாமல், சன்னல்களைத் திறந்து மின்விசிறியால் அனலை வெளியேற்றிவிட்டு மாலையில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் எலக்ட்ரீஷியனைத்தான் அழைக்க வேண்டும், பெரிய எம்.சி.பி. மாட்டுவது தீர்வு அல்ல. கம்பி தாங்காத மின்னோட்டத்தைத் தடுக்கவே அது விழுகிறது.

மறுபடியும் பூட்டும்போது

எல்லாச் சன்னலையும் இறுகச் சாத்துவது பாதுகாப்பு என்று தோன்றினாலும், மேலே உள்ள வென்டிலேட்டர்களைக் கொசுவலை அடித்துத் திறந்து விட்டால்தான் அனல் வெளியேறும். அறைக் கதவுகளும் அலமாரிக் கதவுகளும் உள்ளே திறந்தே இருக்கட்டும். மேற்கு, தெற்குச் சன்னல்களுக்கு வெளிர் நிறத் திரை போதும், கண்ணாடியிலிருந்து சற்றுத் தள்ளித் தொங்க வேண்டும். சாவியை யாரிடமாவது ஒப்படைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் ஊற்றவும், ஒவ்வொரு குழாயையும் ஒரு நிமிடம் திறந்து மூடவும் சொன்னால், இந்த வழிமுறையின் முதல் இரண்டு பகுதிகளுக்கு வேலையே இருக்காது. அவருக்குச் சும்மா ‘வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லாமல், எந்தத் துளை, எந்தக் குழாய் என்று எழுதிக் கொடுங்கள். மின்மானியின் படத்தையும் விரிசலின் படத்தையும் தேதியோடு அனுப்பச் சொல்லுங்கள்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், எழுத்து ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், கட்டடத்தின் கட்டமைப்புப் பழுதை உரிமையாளருக்கும், குழாய் வாஷர் போன்ற சில்லறைப் பழுதைக் குடியிருப்பவருக்கும் பிரித்துத் தருகிறது. வீடு காலியாக இருந்த மாதங்களில் உலர்ந்துபோன வாஷரைப் புதியவர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஆகவே அந்தப் பழுதுகளை முன்பணம் வாங்குவதற்கு முன்பே முடித்துவிட்டு, மீதமிருக்கும் விரிசல்களின் தேதியிட்ட படங்களை ஒப்பந்தத்தோடு இணைத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.